ஐந்தாம் எதிர்மனுதாரரின் வார்டில்

பித்தப்பை இல்லாமலும் மனிதன் நன்றாக வாழலாம். இதை எழுதிக்கொண்டிருக்கும் நானே அதற்கு அத்தாட்சி. காலையில் இட்லி சாப்பிட்டேன், சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன், வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் இதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கடைக்குள் உருண்டதைப் பார்த்தவர்கள் ஆள் தேறமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார்களாம். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் என் கடையின் முகப்பைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார் என்றும் கேள்வி. அவரை ஏமாற்றியதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

என் பெயர் பழனியப்பன். விதை, உரம், பூச்சிமருந்து விற்கிறேன். ஊர் இலுப்பூருக்குக் கொஞ்சம் அப்பால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "வழக்கு நிலுவையில இருக்கு, ஊர்ப் பேரெல்லாம் எழுதாதீங்க" என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆமாம், இந்த ஆஸ்பத்திரிக் கதைக்குள் ஒரு கோர்ட்டுக் கதையும் இருக்கிறது. அதை முதலில் சொல்லாவிட்டால் நான் ஏன் டீனைக் கண்டு போர்வைக்குள் ஒளிந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் முன்பு ஆபரேஷன் தியேட்டர் நடந்துகொண்டிருந்தது. குடல்வால், குடலிறக்கம், சிசேரியன் எல்லாம் அங்கேயே செய்தார்கள். பிறகு சீர்திருத்தம் வந்தது. ஊருக்கு ஊர் அரைகுறை வசதியோடு வயிற்றைத் திறப்பதைவிட, எல்லாவற்றையும் மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல கருவிகளோடு ஒரே இடத்தில் செய்வது என்று முடிவெடுத்தார்கள். படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத யோசனைதான். எங்கள் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் பணியிடத்தோடு சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தியேட்டருக்குப் பூட்டுப் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் வயிறு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

வழக்குப் போடுவது என்று வர்த்தகர் சங்கத்தில் தீர்மானமானது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் ஏற்றுக்கொள்ளாத வேலையை அன்றைய கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள். அன்று நான் மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். சந்தனம் பூசிய கையோடு ஊர் திரும்பியபோது பொதுநல வழக்கின் மனுதாரராக இருந்தேன். எனக்கு எதிரில் ஐந்து எதிர்மனுதாரர்கள். முதலாமவர் அரசுச் செயலாளர். ஐந்தாமவர் பெரிய ஆஸ்பத்திரியின் டீன்.

பொதுநல வழக்கை மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். எங்களுடையதைக் கேட்க ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு வெளி மாநிலத்துக்கு மாற்றலானது. அப்புறம் இருக்கிறவர்களே காலி நாற்காலிகளின் வேலையையும் இழுத்துப் போட்டுப் பார்த்ததில் எங்கள் வழக்குக் கட்டு அடியில் போய்விட்டது. மற்றவர்கள் பேப்பரில் கிரிக்கெட்டைத் தேடுவார்கள், நான் நீதிபதி நியமனத்தைத் தேடுவேன். கொலீஜியம் என்ற சொல்லை உரக்கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும், அரசாங்கம் சம்மதிக்க வேண்டும், நடுவில் கோப்பு எவ்வளவு காலம் தூங்கும் என்று யாருக்கும் தெரியாது. இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. மதுரையில் ஒரு நாற்காலி நிரம்பினால்தான் எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு நாற்காலி நிரம்பும், அந்தக் கவலைதான் எனக்கு.

என் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு இந்த வழக்கு என்றாலே ஆகாது. "ஒங்க கேஸு போற எடமெல்லாம் நாற்காலி காலியாயிருது. பேசாம அந்த ஹார்டுவேர் கடைக்காரர் பேருக்கு மாத்தி விடுங்க" என்பாள்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே பரோட்டா, கறி என்று சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு வரும். வலி அப்படியே வலது தோளுக்கு ஏறும். வயிற்று வலியை வாயு என்றும் தோள் வலியை மூட்டை தூக்கியது என்றும் நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓமத் தண்ணீர், பெருங்காயம், பன்னீர் சோடா எல்லாவற்றையும் குடித்தேன். நெல்லுக்கு இலை மஞ்சளானால் என்ன நோய் என்று தூரத்திலேயே சொல்கிறவன், என் கண் மஞ்சளானதைக் கண்ணாடியில் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கிடாவெட்டு விருந்துக்குப் போய் வந்த மத்தியானம், யூரியா மூட்டைகளுக்கு நடுவில் சரிந்தேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வலது விலா அடியில் விரலை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். பாதி இழுப்பதற்குள் கத்திவிட்டேன். அவர் உடனே ஊசி போட்டு, கையில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "பித்தப்பை வீங்கியிருக்குனு நெனைக்கிறேன். இங்க சர்ஜன் இல்லை. தாமதிக்காமப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். சர்ஜன் இல்லை என்பது என் மனுவின் முதல் பத்தி. அதை எனக்கே படித்துக் காட்டினார்.

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் என் கடை மினி லாரியிலேயே ஏற்றினார்கள். பின்னால் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்து, வள்ளிக்கண்ணு என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெயில், உர வாடை, வழி நெடுக வேகத்தடை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி தூக்கிப் போடும்போது, நான் கத்துவதற்கு முன்னால் அவள் தன் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்று முனகினாள். எனக்கு வலித்தால் இவளுக்கும் வலிக்கிறதே, இவ்வளவு பிரியத்தை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று அந்த வேதனையிலும் எனக்கு நெகிழ்ந்துபோனது. அப்போது உண்மையாகவே சாகப்போகிறோம் என்று நினைத்தேன். பயந்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு பயந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பசை மாதிரி ஒன்றைத் தடவியபோது ஜில்லென்று சுகமாக இருந்தது. அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான். ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி பார்த்தார்கள். காப்பீட்டு அட்டைக் கவுண்ட்டரில் என் விரல் ரேகையை இயந்திரம் ஒப்புக்கொள்ளவே இல்லை. உரம் அள்ளி அள்ளி ரேகை தேய்ந்துபோயிருந்தது. "அண்ணன் கைரேகை ஜோசியம் பாக்க முடியாத ஆளு போல" என்று சிரித்தபடி கவுண்ட்டர் பெண் கண்ணைப் படம்பிடித்து வேலையை முடித்தார். பில் எவ்வளவு ஆகுமோ என்று வள்ளிக்கண்ணு வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அட்டையிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் நஸ்ரின் என்ற சர்ஜன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் வேண்டும். அதைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. எனக்கு அதில் கற்கள் உருவாகி, ஒன்று வாயிலில் போய் அடைத்துக்கொண்டதில் பை வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. முதலில் மருந்து ஏற்றி வீக்கத்தைத் தணித்து, பிறகு வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, பையை எடுத்துவிடுவார்கள்.

"எடுத்துட்டா அப்புறம் எப்படிங்க மேடம் செரிக்கும்?" என்று கேட்டேன்.

"கல்லீரல் நேராவே அனுப்பிரும். ஸ்டோர் ரூம் மட்டும்தான் இல்லை, சப்ளை இருக்கும். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா பை உள்ளயே கிழிஞ்சிருக்கும். ஏங்க ஐயா இவ்வளவு நாள் வலியை வச்சுக்கிட்டு இருந்தீங்க? எந்த ஊரு நீங்க?"

ஊரைச் சொன்னேன். அவர் "ஓ" என்றார். என் வயிற்றில் இருந்த கல்லெல்லாம் ஒன்றாக உருண்டது.

பிரச்சனை இதுதான். எந்த ஆஸ்பத்திரியின் டீன் மேல் வழக்குப் போட்டேனோ அவருடைய ஆஸ்பத்திரியில், அவருடைய கட்டிலில், அவருடைய குளுக்கோஸை ஏற்றிக்கொண்டு கிடக்கிறேன். தெரிந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் கத்தி அவர்கள் கையில் இருக்கிறதே.

பக்கத்துக் கட்டிலில் மீமிசல் அபு பாய். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் முடிந்து கிடந்தார். அவரிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன். ரகசியம் என்பதால் வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"அண்ணே, நீங்க ஆளு பயங்கரம். கேஸும் போட்டுட்டு, அவங்க வீட்டு ரொட்டியையும் திங்கிறீங்க."

"எங்க பாய் திங்க விடுறாங்க? வாயில தண்ணிகூட ஊத்த மாட்டேங்கிறாங்க" என்றேன்.

வள்ளிக்கண்ணுவும் சிரித்தாள், வயிற்றில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு. பிறகு பாயிடம் அவருடைய நோயைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். பாய் விளக்கினார்: "சைக்கிள் டயர் கிழிஞ்சா உள்ள இருக்கிற டியூபு வெளிய பொடைச்சுக்கிட்டு வரும்ல, அதான் தங்கச்சி. வயித்துச் சதை விட்டுப்போனா, கொடலு பொடைக்கும்."

"தும்முனா வலிக்குமா பாய்? படுத்தா உள்ள போயிருமா?"

"ஆமா, போயிரும். அப்புறம் ஒரு நா போகாது. அன்னைக்குத்தான் வம்பு."

என் பித்தப்பையைப் பற்றி இவள் இவ்வளவு அக்கறையாக ஒரு கேள்வி கேட்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

காலை ரவுண்ட்ஸில் டீனே வந்தார். பின்னால் ஒரு படை. நான் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன். மனுவில் 'ஐந்தாம் எதிர்மனுதாரர்' என்று வாசித்து வாசித்து, பெரிய மீசையும் முறைப்பும் உள்ள ஒருவரை மனசில் வரைந்து வைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, தூக்கம் இல்லாத கண்களோடு, வீட்டு வாசலில் விசாரிக்கிற உறவுக்காரர் மாதிரி இருந்தார். "என்ன ஐயா, வலி எப்படி இருக்கு?" என்றார். "சுத்தமா இல்லைங்க ஐயா" என்றேன். உயிர் போகிற வலி அப்போது. வலி இல்லையென்றால் ஊசியைக் குறைத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாய்க்கு நான் பேப்பரில் எதைத் தேடுவேன் என்று தெரிந்துவிட்டதால், அவரே எனக்காகத் தேட ஆரம்பித்தார். ஒரு நாள் "அண்ணே, ஹைகோர்ட்டுக்குப் புது ஜட்ஜுங்க வாராங்களாம். பேரெல்லாம் போட்டிருக்கு" என்று கட்டிலிலிருந்து கத்தினார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த நேரம் பார்த்து பிபி எடுக்க வந்த நர்ஸ், கருவியைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். "விசா வந்த மாதிரி ஆயிருச்சு அண்ணனுக்கு" என்றார் பாய்.

அன்று சாயங்காலமே வக்கீலின் போன் வந்தது. புது நீதிபதிகளில் ஒருவர் எங்கள் அமர்வுக்கு வருகிறார், அடுத்த மாதம் வழக்கு எடுக்கப்படும் என்றார். நான் எங்கே கிடக்கிறேன் என்று சொன்னேன்.

"ஆபரேஷனை வேற எங்கயாவது வச்சுக்க முடியாதா?" என்று வக்கீல் கேட்டார். "அங்கயே பண்ணி நீங்க ஜம்முனு எந்திரிச்சு வந்துட்டீங்கன்னா, மனுதாரருக்கே நல்ல சிகிச்சை கெடச்சிருக்கே, அப்புறம் என்ன குறைன்னு கேப்பாங்க. கேஸு அங்கேயே படுத்திரும்."

அதாவது, நான் பிழைத்தால் வழக்கு தோற்கும். வழக்கு ஜெயிக்க வேண்டுமென்றால் நான் கொஞ்சமாவது செத்தாக வேண்டும். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த வழக்கு. ஊரே என் கடைக்கு வந்து "என்னாச்சு?" என்று கேட்கிற வழக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வள்ளிக்கண்ணு பிடுங்கினாள்.

"வக்கீல் சார், கேஸு போனாப் போகட்டும். இவரு இங்கிட்டுத்தான் ஆபரேஷன் பண்ணிக்குவாரு. வெச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "ஒங்களை விட்டுட்டு நான் கேஸை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறதா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆபரேஷன் அன்று காலை எனக்குத் தலை சீவிவிட்டாள். திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் தங்கை, தினமும் டவுன் பஸ்ஸில் தூக்குவாளியோடு வருகிறவள், அன்று விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். அபு பாய் கையைத் தூக்கி எனக்காக துஆ செய்தார். தியேட்டரில் குளிர் நடுக்கியது. மேலே வட்டமாக விளக்குகள். மயக்க மருந்து டாக்டர் எண்ணச் சொன்னார். எண்ணுவதற்குப் பதிலாக, எங்கள் ஊர் தியேட்டரிலும் இதே மாதிரி விளக்கு ஒன்று பூட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான், அப்புறம் வள்ளிக்கண்ணு என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் காட்டினார்கள். சுண்டைக்காய் மாதிரி இருந்தன. பாய் அதை வாங்கிப் பார்த்து, "ஏலத்துக்கு விட்டா நல்ல வெலை போகும்" என்றார். சிரிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரித்தால் தையல் இழுத்தது. அந்த மனிதர் டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் என் தையலுக்கு நிம்மதியே இல்லை.

நான் வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் டீன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தனியாக.

"மனுதாரர் ஐயா, ஒடம்பு தேவலையா? அஞ்சாவது எதிர்மனுதாரர் சரியாப் பாத்துக்கிட்டாரா?"

வந்த அன்றே பெயரையும் ஊரையும் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். "என்னங்க ஐயா இப்படி" என்று ஏதோ உளறினேன். அவர் என் தோளைத் தொட்டார். "இங்கயும் ஆளு பத்தலைங்க. எல்லா ஊரு வயிறும் இங்கதான் வருது. நீங்க கேஸ் போடலாம், நான் போட முடியாது. நல்லா நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். நான் கையெடுத்துக் கும்பிட்டபடி நெடுநேரம் நின்றேன்.

அந்த நெகிழ்ச்சியில்தான் தப்புச் செய்தேன். கிளம்புகிற நோயாளிகளை ஆஸ்பத்திரிக்காக வீடியோ எடுக்கும் அம்மா ஒருவர் போனோடு வந்து, "ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்றார். 'பாராட்டி ஒரு வார்த்தைகூடப் பேசிடாதீங்க' என்று வக்கீல் மறுபடி போன் செய்து ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். ஆனால் எதிரில் டாக்டர் நஸ்ரின் நிற்கிறார். எனக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தவர். வாய் நிற்குமா? டாக்டரைப் புகழ்ந்தேன், நர்ஸுகளைப் புகழ்ந்தேன், ஸ்கேன் பசையைப் புகழ்ந்தேன், ரொட்டியைக்கூட விடவில்லை. முடிக்கப்போகிற சமயம் படத்துக்கு வெளியிலிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் வந்தது.

"ஊர்லேர்ந்து இங்கிட்டு வாரதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் வண்டியில செத்துச் செத்துப் பொழைச்சோம். அதையும் சொல்லுங்க. இந்த டாக்டரம்மா எங்க ஊருல இருந்திருந்தா நடந்தே வந்திருப்போம்ல."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனை அணைத்தார். வள்ளிக்கண்ணு டாக்டரிடம் ஏதோ தனியாகப் பேசவேண்டும் என்று திரைக்குப் பின்னால் போனாள். எனக்குக் கொடுக்க வேண்டிய பத்தியச் சாப்பாடு பற்றி என்று நினைத்துக்கொண்டு நான் செருப்பைத் தேடினேன்.

அடுத்த மாதம் மதுரைக்குப் போனோம். கனம் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு இருந்ததால் பை தூக்க வள்ளிக்கண்ணுவும் வந்தாள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கட்டைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, பை எங்கள் இருவரையும் பார்த்தது. கடைசியில் ஒரு பெண் போலீஸ் இரக்கப்பட்டு நுழைவாசல் வரைக்கும் தூக்கிக்கொடுத்தார்.

கோர்ட்டில் எங்கள் முறை வந்தது. அரசு வழக்கறிஞர் எழுந்து இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மனுதாரரே அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு பூரண குணமாகிவிட்டார், பூரண திருப்தி என்று அவர் வாயாலேயே சொன்ன வீடியோ இருக்கிறது, ஆகவே வழக்கில் சாரமில்லை. எங்கள் வக்கீல் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பித்தப்பை இருந்திருந்தால் அப்போதே வெடித்திருக்கும்.

"போடுங்க, பார்க்கலாம்" என்றார் புதிதாக வந்த நீதிபதி.

போட்டார்கள். கோர்ட் முழுக்க என் குரல் ரொட்டியைப் புகழ்ந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். திடீரென்று வள்ளிக்கண்ணுவின் குரல் கணீரென்று வந்தது. செத்துச் செத்துப் பிழைத்த வரி முழுசாக. அரசுத் தரப்பில் அந்த வரி வரைக்கும் ஓட்டிப் பார்க்காமலே கொண்டுவந்திருக்கிறார்கள்! கோர்ட்டே சிரித்துவிட்டது. மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"யார் அந்த அம்மா?" என்று புது நீதிபதி தமிழிலேயே கேட்டார். இங்கேயே இருக்கிறார் என்று வக்கீல் காட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா, அவ்வளவு கஷ்டமா?"

வள்ளிக்கண்ணு எழுந்தாள். வீட்டில் ஊரையே வாயால் விலைக்கு வாங்குகிறவள், அங்கே குரல் நடுங்கத்தான் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்காச்சும் வண்டி இருந்துச்சுங்க ஐயா. அவரு விழுந்தா ஊரே தூக்கிட்டு ஓடுது. பொம்பளைங்களுக்கு வலின்னா யாரு கடையைச் சாத்திட்டு அம்புட்டுத் தூரம் கூட வந்து படுத்திருப்பா? நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு அமுக்கி வச்சுக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். அங்கனயே டாக்டர் இருந்தா, சோத்துக்கு ஒல வச்சுட்டுப் போயி காமிச்சுட்டு வந்துரலாம்ங்க ஐயா."

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதிகள் இருவரும் தலையைச் சாய்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்காக எவ்வளவு அழகாகப் பேசினாள் என்று நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முழுத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. இடைக்கால உத்தரவு வந்தது. காலி இடங்களை நிரப்பும் வரை, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு வந்து தியேட்டரைத் திறக்க வேண்டும். அதற்குள் அந்த அமர்வின் மூத்த நீதிபதி ஓய்வு பெறப்போகிறார் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அவர் நாற்காலிக்கு யார், எப்போது என்ற கவலை மறுபடி ஆரம்பம். பேப்பர் படிக்கிற வேலை எனக்கு இன்னும் தீரவில்லை.

தியேட்டர் திறந்த முதல் நாள் சங்கத்தின் சார்பில் மாலையும் லட்டுப் பெட்டியுமாகப் போனேன். வந்த சர்ஜன் யார் என்கிறீர்கள்? டாக்டர் நஸ்ரின்தான். "ஒங்களாலதான் ஐயா வாரம் ரெண்டு நாள் இந்த வேகத்தடையெல்லாம் நான் ஏறி எறங்கணும்" என்று சிரித்தார். நான் மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வள்ளிக்கண்ணு இறங்கினாள். காலடியில் கட்டைப்பை. துண்டு, டம்ளர், சீப்பு, பழைய சேலை எல்லாம் மேலே தெரிந்தது.

"யாரையாச்சும் பாக்கப் போறியா?" என்றேன்.

"இல்லைங்க. எனக்குத்தான். இன்னைக்கு முதல் கேஸு நாந்தான்."

டாக்டர்தான் சொன்னார். "தொப்புளுக்கு மேல குடலிறக்கம் ஐயா. ரொம்ப வருஷமா இருக்கு. நீங்க டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்குத் திரைக்குப் பின்னால காமிச்சாங்க. அங்கயே படுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். எங்க ஊருக்கு நீங்க வாங்க, வந்தா முதல் ஆளா படுக்கிறேன்னுட்டாங்க."

மினி லாரியின் ஒவ்வொரு வேகத்தடையும் அப்போது என் மேல் திரும்ப ஏறி இறங்கியது. "ஏ வள்ளிக்கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"சொன்னா? ஒங்க கேஸுக்குத்தான் நேரம் பத்தலையே" என்று சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். "அங்கிட்டுப் போயிப் படுத்தா ஒங்களுக்கு யாரு சோறாக்குறது? இங்கனன்னா மத்தியானம் கடையைச் சாத்திட்டு எனக்கு நீங்க கஞ்சி வச்சுக் கொண்டாரலாம். உப்பு மட்டும் பாத்துப் போடுங்க."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "வள்ளிக்கண்ணு கூட இருக்கிறது யாரு?" என்று குரல் கொடுத்தார்.

"நாந்தாங்க" என்றேன். லட்டுப் பெட்டியைச் சங்கத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.